மேனேஜர் தம்பி

சுரண்டையில் கமிஷன் கடைக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மேனேஜர் தம்பியின் அம்மாவிடம் மட்டும் கேட்கிறார்கள்.

"மதினி, ஒங்க பையன் கம்ப்யூட்டர்ல என்னத்ததான் செய்யுதான்?"

"அவன் ஒண்ணும் செய்ய மாட்டான். செய்யுதவங்களைப் பாத்துக்கிடுதான்."

சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் மேனேஜர் வேலையை இதைவிடச் சரியாக எவரும் சொல்லிவிட முடியாது.

2020இல் கொரோனாவுக்குப் பயந்து லேப்டாப்போடு ஊர் வந்தவர்களில் பலர் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள். மேனேஜர் தம்பி வீட்டு மாடி அறையிலேயே தங்கிவிட்டார். தென்காசிப் பக்கத்துக்கு சாஃப்ட்வேர் புதிதில்லை. மத்தளம்பாறையில் 2011இலேயே ஜோஹோ அலுவலகம் வந்துவிட்டது. அதனால் கல்யாண வீட்டுப் பந்தியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "மத்தளம்பாறையா தம்பி?" என்பார்கள். "இல்ல, வேற கம்பெனி" என்று சொல்லி அலுத்துப்போய், இப்போது ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிறார்.

காலை பத்து மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். பேரில்தான் நிற்பது. பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டே பேசுவார்கள். "தொண்ணூறு பெர்சன்ட் முடிஞ்சிருச்சு சார்." அந்தத் தொண்ணூறு போன மாதமும் தொண்ணூறுதான். இதற்கெல்லாம் மேனேஜர் தம்பி கலங்குவதில்லை. "என் மெஷின்ல ஓடுதே" என்று சண்டைக்கு வருகிறவனையும் அவருக்குப் பிடிக்கும். சொன்னதற்கெல்லாம் மூன்று நாளாக "ஓகே சார்" என்கிறவனைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். அவனுக்கு வேறு கம்பெனியில் ஆஃபர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தேதி தவறும்போது கிளையன்ட் பெரிய மனது பண்ணி, "இன்னும் நாலு பேரைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் வேலையை மேய்த்த ஃபிரெட் புரூக்ஸ், பிந்திப்போன வேலையில் ஆளைச் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று 1975இலேயே புத்தகம் போட்டுவிட்டார். வேலை தெரிந்தவன் தன் வேலையை விட்டுவிட்டுப் புதியவனுக்குப் பாடம் நடத்த வேண்டும். போதாததற்கு, 5 பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள 10 ஜோடி; 9 பேர் ஆனால் 36 ஜோடி. அந்த 36இல் எந்தெந்த ஜோடிக்குப் பேச்சுவார்த்தையே இல்லை என்பது புரூக்ஸ் கணக்கில் வராது. மேனேஜர் தம்பிக்கு அது மனப்பாடம்.

அவர் திறமையைப் பார்க்க வேண்டுமானால் குற்றாலத்தில் சீசன் தொடங்க வேண்டும். டீமில் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் ரெண்டு மூணு பேர் உண்டு. சாரல் விழுந்த மறுநாள் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும். இவர் போனைப் போடுவார்.

"என்னல, பின்னால ஒரே இரைச்சலா இருக்கு?"

"வீட்ல மோட்டார் ஓடுது சார்."

"மெயினருவில நேத்து ராத்திரியே தடை போட்டாச்சே. ஐந்தருவிலயா மோட்டார் ஓடுது?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்கும்.

"பழைய குற்றாலம் சார்."

"குளிச்சாச்சா?"

"இனிமேதான் சார்."

"நல்லாக் குளி. ராத்திரிக்குள்ள ஒம் பேர்ல இருக்க அந்த வேலை டிக்கெட்டை முடிச்சிரு. வரும்போது பார்டர்ல புரோட்டா வாங்கிட்டு வா."

ரெஜிஸ்டரில் 'உடல்நலக் குறைவு' என்று ஏறிவிடும். பையன் ராத்திரி பதினொரு மணிக்கு டிக்கெட்டை முடித்துவிடுவான். சத்தம் போட்டிருந்தால் ஒரு வாரம் இழுத்திருப்பான். மேனேஜ்மென்ட் படித்த சிலருக்கு இது ஒழுங்கீனமாகப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை.

அப்படிப்பட்டவரையே ஒருவர் மடக்கிப்போட்டார். ஆபீசுக்கென்று மாடியில் இன்னொரு அறை கட்ட வந்த கொத்தனார்.

"எப்ப முடியும் அண்ணாச்சி?"

"தொண்ணூறு முடிஞ்சிருச்சு தம்பி. பூச்சுதான் பாக்கி."

மேனேஜர் தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளையன்ட்டின் குரல் எப்படியோ அவர் வாயில் வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு ஆளு சேத்துப் போட்டா என்ன?"

கொத்தனார் கரண்டியைச் சட்டியில் வைத்தார். "தாராளமாப் போடலாம். அவனுவளுக்குச் சொல்லிக் குடுக்க நான் ரெண்டு நாள் உக்காரணும். அவனுவ பூசினதைச் சுரண்டிட்டுத் திரும்பப் பூச மூணு நாளு. ஆளை வரச் சொல்லட்டுமா?"

அன்று ராத்திரி போனில் கிளையன்ட் மறுபடி அந்த நாலு பேர் பேச்சை எடுத்தார். புரூக்ஸ் பேரைச் சொல்லி முன்பு நடக்காத காரியம். கொத்தனார் சொன்னதை இங்கிலீஷில் சொன்னதும் ரெண்டு வாரம் கூடுதலாகக் கிடைத்தது. மென்பொருள் அந்தப் புதுத் தேதியில் ரிலீஸ் ஆகிவிட்டது. பூச்சு வேலை இன்னும் தொண்ணூறில்தான் நிற்கிறது.