நூல் எத்தனை நூல்?

கேள்வி: ஐயா, 'நூல்' என்னும் சொல்லுக்கு அகராதி பல அர்த்தங்கள் தருகிறதே, அவற்றுள் எங்கள் கோவையில் செல்லுபடியாவது எது? (வாசகர் ஒருவர், பீளமேடு)

பதில்: ஸ்டேன்ஸ் துரை 1888-இல் ஆலை நிறுவிய காலம் முதலாகவே தங்கள் நகரத்தில் நூலின் தரத்தை நிர்ணயிப்பது விமரிசகரல்ல, தராசு, 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்து ஒரு பவுண்டு நிறுத்தால் அது 40-ஆம் நம்பர் என்றும், நம்பர் ஏற ஏற இழை நுண்மையடையும் என்றும் ஆலைக்காரர் விதித்திருக்க, அச்சிட்ட நூலிலோ பக்கம் ஏற ஏறச் சரக்கு மெலிவதே அடியேன் அனுபவம்.

தச்சரும் கொத்தனாரும் அங்குலத்தில் எட்டிலொரு பாகத்தை நூல் என்பர். ஆகவே "நாலு நூல் கொடுங்க" என்றால் புத்தகக் கடையில் நாலு புத்தகமும், குழாய்க் கடையில் அரை அங்குலக் குழாயும் கிடைக்கும். (நூல் விட்டுப் பார்க்கும் கலைக்கோ பஞ்சும் வேண்டா, அளவுகோலும் வேண்டா.)

இக்குழப்பத்தில் தங்கள் நாட்டாருக்கே பங்குண்டு. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டு மரபு உரிமை பாராட்டும் பவணந்தி முனிவர், 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்ததோடு அமையாது, மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சு நூலையும் பக்கத்திலேயே கொணர்ந்து நிறுத்தினார்; மில் வைக்க லைசென்ஸ் மட்டுந்தான் வாங்கவில்லை.