ஹட்யாய்ச் செலவியல்: கைக்கடிகாரச் சிக்கலை முன்வைத்து

கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியை அடுத்த பாக்கார் ஆராங் வட்டாரத் தமிழர், விடுமுறை வாய்க்கும்போதெல்லாம் நண்பர் ஒருவரை மட்டும் உடன் சேர்த்துக்கொண்டு தாய்லாந்தின் ஹட்யாய் நகருக்குச் சென்று இரண்டு இரவு தங்கி மீளும் வழக்கத்திற்கு இதுவரை முறையான இலக்கணம் வகுக்கப்படாதது ஆய்வுலகின் பெருங்குறையாகும். அக்குறையைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெடாவில் நிகழும் எதைப் பற்றி எழுதினாலும் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது மாநாட்டு மலர்களின் எழுதாச் சட்டமாகும். பால்மரம் சீவுவது பற்றி எழுதுவோரும் பள்ளிப் பேருந்துக் கட்டணம் பற்றி எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். அச்சட்டம் இங்கும் மதிக்கப்படுகிறது. 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரனின் படை கடாரத்தை வென்றது. அப்படை ஹட்யாய்க்குச் சென்று அறை எடுத்ததற்கு மெய்க்கீர்த்தியில் சான்று இல்லை.

உண்மையில் கருதத்தக்க ஆண்டு 1909 ஆகும். அதுவரை சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா, அவ்வாண்டு ஆங்கில-சயாம் உடன்படிக்கையால் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. 1943இல் ஜப்பானியர் அதை மீண்டும் தாய்லாந்துக்குக் கொடுக்க, 1945இல் போர் முடிந்ததும் அது திரும்பவும் பிரிட்டிஷாரிடம் வந்தது. எனவே இப்பயணத்தின் ‘வெளிநாடு’ என்னும் கூறு 1909இல் பிறந்து, 1943இல் மறைந்து, 1945இல் மறுபிறப்பு எடுத்தது என்பது பெறப்படும்.

இனி வரைவிலக்கணம். இப்பயணத்தில் ஈடுபடும் இருவருள் முதலில் வாய் திறப்பவர் முன்மொழிவோன் எனவும், மறுக்கக் காரணம் கிடைக்காதவர் உடன்படுவோன் எனவும் இங்குச் சுட்டப்படுவர். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் ஆதலாலும், பினாங்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் உடன்படுவோனுக்கு அது சனியும் ஞாயிறும் ஆதலாலும், இருவருக்கும் பொதுவான நாள் சனி ஒன்றே. ஆகவே ஒரு பொது விடுமுறையின் துணையின்றி இப்பயணம் நிகழாது. பயணத்திட்டம் முழுவதும் “அங்கப் போயி பாத்துக்கலாம்லா” என்னும் ஒற்றைத் தொடரில் அடங்கும்.

திட்டமின்மை என்பது சுதந்திரம் என்று மேலோட்டமாகக் கருதுவோர், திட்டமின்றிச் சென்ற எந்த இருவரும் ஒரே பயணத்தையே மேற்கொள்கின்றனர் என்பதைக் காணத் தவறினர். அனைவரும் சங்லூனில் நிறுத்தி வண்டிக்குத் தாய்லாந்துக் காப்புறுதி எடுக்கின்றனர்; லீ கார்டன் பக்கமே அறை தேடுகின்றனர்; பொரித்த வெங்காயம் தூவிய கோழியை உண்கின்றனர்; நகராட்சிப் பூங்காவின் நின்ற கோலப் புத்தருக்கு முன் ஒருவரை ஒருவர் படம் எடுக்கின்றனர்; மறுநாள் “வேற எங்கடா போறது?” என்று வினவி, சொங்க்லா கடற்கரையின் பொன்னிறக் கடற்கன்னியிடம் போய்ச் சேர்கின்றனர். திட்டமிட்டுச் செல்வோரிடையே மட்டுமே வேறுபாடு உண்டு. அக்கடற்கன்னிச் சிலை நிறுவப்பட்டது 1966இல். கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடியதும் அதே 1966இல். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று எவரும் நிறுவாதபோது தொடர்பு உண்டெனக் கொள்வதே நம் ஆய்வு மரபு.

வழி: வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை, அது முடியும் இடம் புக்கிட் காயு ஹீத்தாம். பாடாங் பெசார் வழியே ரயிலில் செல்வோரும் உளர். இரு நாட்டுக் குடிநுழைவும் ஒரே நிலையத்தில் முடிவதைப் புகழ்ந்து அவர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்துவது அரிது.

உடை: இரண்டு. அணியப்படுவது ஒன்று.

இக்கட்டுரையின் மையச் சிக்கல் இனியே தொடங்குகிறது. தாய்லாந்தின் கடிகாரம் மலேசியக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆகவே எல்லையைக் கடப்போர் ஒரு மணி நேரத்தை இலவசமாகப் பெறுகின்றனர். 1982 தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துச் சபா, சரவாக்குடன் ஒன்றாக்கிக்கொண்டது. அதற்கு முன் சென்றோர்க்குக் கிடைத்தது அரை மணி மட்டுமே. முன்னதை அரைமணிக் காலம் என்றும், பின்னதை முழுமணிக் காலம் என்றும் பகுத்தல் தகும்.

கிடைத்த அந்த ஒரு மணி எங்கே போயிற்று? இது குறித்து இரு மரபுகள் மோதுகின்றன. கைபேசி மரபினர், எல்லை தாண்டியதும் கருவி தானே மணியை மாற்றிக்கொள்ளும் ஆதலால் மாற்றத்தை இயற்கை நிகழ்வாக ஏற்பர். கைக்கடிகார மரபினரோ, “திரும்பி வரும்போது மறுபடியும் மாத்தணும், எதுக்குடா?” என்று கூறி முள்ளைத் தொட மறுப்பர். பின்னதைப் பீடோங் வட்டாரத்து ஹார்வர்டைச் சேர்ந்தோர் வலுவாகத் தாங்கிப் பிடிக்கின்றனர். ஹார்வர்ட் என்றதும் எழுந்து நிற்கும் பழக்கமுள்ள ஆய்வாளர் அமரலாம். இது மூன்று பிரிவுகள் கொண்ட ஒரு தோட்டம், இங்குக் குறிக்கப்படுவது மூன்றாம் பிரிவு. இருப்பினும் ‘ஹார்வர்ட் அறிஞர் கருத்துப்படி’ என்று எழுதுவதில் பிழை ஏதும் இல்லை. பிழையின்மையைக் கருதி இனி அவ்வாறே எழுதப்படும்.

எல்லைக் கதவு மலேசிய நேரம் காலை 6 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே வரிசையில் நின்று, முத்திரை பெற்று, ஓர் அறுபது கிலோமீட்டர் ஓட்டி, இருவரும் காலை 8 மணிக்கு ஹட்யாயை அடைகின்றனர். அங்கே மணி 7. அறை கிடைப்பது பிற்பகல் 2 மணிக்கு (ஆதாரம்: விடுதி முகப்பு மேசை அறிவிப்பு). மணி மாறாதிருந்தால் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டியவர்கள், மாறியதால் ஏழு மணி நேரம் காத்திருக்கின்றனர். இலவசமாகக் கிடைத்த மணி, விடுதிக் கூடத்தில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்த நிலையிலேயே செலவாகிறது.

ஹார்வர்ட் அறிஞர் இதை ஏற்கவில்லை. அவர்கள் கருத்துப்படி அந்த மணி மறுநாள் காலையில் செலவாகிறது. காலைச் சிற்றுண்டி 10 மணிக்கு முடியும் (ஆதாரம்: அறைக் கதவின் உட்புறத் தாள், துண்டு மாட்டும் கொக்கியால் பாதி மறைந்தது). கைக்கடிகாரத்தில் ஒன்பதரையைக் கண்டு பதறிய ஒருவர் மற்றவரை எழுப்ப, “மணி எட்டரதான்டா!” என்ற மறுப்பும் “என் வாட்சுல ஒம்பதரடா!” என்ற விடையும் மாறி மாறி நிகழ்ந்து, தூக்கம் கலைந்த பின் அந்த மணி வீணாகிறது. மூன்றாவது கொள்கையும் உண்டு. விடுதி வாசலில் நின்றபடி “ஒனக்கு எங்க ஓகேவோ அங்க போலாம்” என்று ஒருவரும், “எனக்கு எதுனாலும் ஓகேடா” என்று மற்றவரும், துக்-துக் ஓட்டுநர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க, சொல்லிக்கொண்டே நிற்பதில்தான் அது கரைகிறது என்பது அக்கொள்கை (ஆதாரம்: கிம் யோங் சந்தையில் முந்திரிப் பருப்பு வாங்கிய பொட்டலத்தின் உள்மடிப்பு; பென்சில் எழுத்து; இரு கைகளால் எழுதப்பட்டது; பிற்கையை இடைச்செருகல் எனத் தள்ளுவாரும் உளர்).

ஆயினும் கைக்கடிகார மரபை எள்ளி நகைப்போர் மூன்றாம் நாள் இரவைக் கருத வேண்டும். எல்லை மூடுவது மலேசிய நேரம் நள்ளிரவு 12 மணிக்கு, அதாவது தாய்லாந்தில் 11. எல்லையோரத் தாய்லாந்து ஊரான டானோக்கில் தோம்யாமுக்கு முன் அமர்ந்திருக்கும் கைபேசி மரபினர் திரையில் 10.30ஐக் கண்டு, நள்ளிரவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் உண்டென இன்னொரு தட்டு கோழி சொல்வார், பதினொன்றரை காட்டும் கைக்கடிகாரம் கட்டியவரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, “கேட் மூடிருவான்டா!” என்று கத்துவார். இரண்டு நாளும் பொய் சொன்ன கருவி, மெய் தேவைப்பட்ட அரை மணியில் மெய் சொன்னது.

அந்த அவசரத்தில் எழுதப்பட்டதே இப்பயணத்தின் ஒரே எழுத்துச் சான்றான துடைத்தாள் கணக்கு. அதன் இரண்டாம் வரி ‘அவன் 40’ என்றுள்ளது. இதை நான்காம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டு ‘அவனுக்குத் தர வேண்டிய 40’ என விரிப்பர் ஒரு சாரார். ‘அவன் தர வேண்டிய 40’ என்பர் மறு சாரார். 40 என்பது தாய்லாந்து பாட்டா மலேசிய வெள்ளியா என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. வெள்ளி எனின் தொகை ஏழெட்டு மடங்காகும். மூன்றாம் வரி தோம்யாம் கறையில் மறைந்தது. கறைக்கு அடியில் ‘தீர்ந்தது’ என்ற சொல் தெரிவதாக ஹார்வர்ட் அறிஞரும், ‘தீரவில்லை’ எனப் பாக்கார் ஆராங் மரபினரும் பாடம் கொள்வர். மூலத்தைப் பார்த்துத் தெளியலாம் எனின், அது கடன்பட்டவர் என ஐயுறப்படுபவரின் பணப்பையில் உள்ளது. சுவடி வைத்திருப்போர்க்கு இயல்பான தயக்கத்துடன் அவர் அதன் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து வாட்சாப்பில் அனுப்பியுள்ளார். கணக்கு எழுதப்பட்டது பின்பக்கத்தில்.