நடுராத்திரி பக்தி

கேள்வி: ஓஸ்லோவில் வேலை பார்க்கும் என் மகன், அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம் என்று விடிய விடிய விழித்திருக்கிறான். நார்வேக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு தாய், மதுரை

பதில்: பிள்ளையையே கொடுத்த சம்பந்தம் அம்மா! ஓஸ்லோ பக்கத்து ஃபெட்சுண்ட் ஊர்க்காரர் யான் ஸ்டெனெருட். பனிச்சறுக்கில் தாவுகிற திறமைக்கு உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மொன்டானாவுக்குப் படிக்கப் போனவர். போன இடத்தில் பந்தை உதைத்தார், பனிச்சறுக்கு மறந்துபோனது. 1970இல் சூப்பர் பௌல் எனும் அந்த இறுதி ஆட்டத்தில் அவருடைய அணியான கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் 23-7 என்று ஜெயித்தபோது முதல் 9 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை. உதைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டு, 1991இல் அந்த ஆட்டத்தின் புகழ்மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஆளும் அவரே.

ஓஸ்லோ நேரப்படி இறுதி ஆட்டம் தொடங்குவது திங்கட்கிழமை அதிகாலை 12.30க்கு. முடிய நாலு மணி ஆகிவிடும். நம்மூர் வைகுண்ட ஏகாதசிதான்; பரமபதத்துக்குப் பதில் பந்து, பட்டினிக்குப் பதில் கோழி இறக்கை.

விசுவாசம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஓஸ்லோவின் வோலரெங்கா (இது நமக்குத் தெரிந்த கால்பந்து) 2023இல் இரண்டாம் டிவிஷனுக்குச் சறுக்கியது. 1991இல் தொடங்கிய அதன் ரசிகர் மன்றமான 'கிளானென்' கடையைக் கட்டவில்லை. மறு வருஷமே அணி மேலே ஏறிவிட்டது.

பையனுக்குத் திங்கள் காலை போன் போடாதீர்கள். போட்டால், யார் ஜெயித்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.