முதுகுக்கு வந்த பரீட்சை

கேள்வி: தலைக்குச் சாயம் பூசிய மறுநாள் கண்ணிமை இரண்டும் வீங்கிவிட்டன. சர்ம வைத்தியரோ, முதுகில் எதையெதையோ ஒட்டி, இரண்டு நாள் ஸ்நானம் கூடாது என்கிறார். வீங்கியது முகம், தண்டனை முதுகுக்கா?

பதில்: விசாலமான ஸ்தலம் என்பதோடு, தாங்களே எட்டிச் சொறிந்து சாட்சியத்தைக் கலைக்க இயலாத ஸ்தலம் என்பதும் சேர்ந்தே முதுகுக்கு இந்தக் கௌரவத்தைத் தேடித் தந்திருக்கின்றன. 1895-இல் யோசெஃப் யாடாசோன் என்னும் ஜெர்மானிய சர்ம வைத்திய நிபுணர் உலகறியச் செய்த, ஒவ்வாமைக்குக் காரணமான வஸ்துவைக் கண்டறியும் இம்முறையில், நிக்கல், வாசனைத் திரவியம், தங்கள் கேசத்தைக் கருமையாக்கிய பாரா-ஃபினைலின்டயமின் முதலான வஸ்துக்களைச் சிறு வில்லைகளில் இட்டு ஒட்டி, 48 மணி நேரம் கழித்து அகற்றி, அப்போது ஒருமுறையும் ஓரிரு தினங்கள் சென்று மறுமுறையும் பார்க்கிறார்கள். இவ்வகை ஒவ்வாமையைக் கிளப்புகிற வெள்ளையணுக்கள், சர்க்கார் கோப்பைப் போல் நிதானமாகவே நகருகிற ஜாதி. ஆதலால்தான் சாயம் பூசிய அன்று கண்ணாடியில் யௌவனமும் மறுநாள் வீக்கமும் தரிசனமாயின. தலையில் இட்டதற்கு இமை வீங்குவானேன் என்றால், தலைத்தோல் தடித்தது, இமைத்தோலோ மிக மெல்லியது. ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவராயின் முன்கூட்டியே வைத்தியரிடம் தெரிவித்துவிடுங்கள். அது உண்மையான விளைவையும் மறைத்துவிடக்கூடும். ஸ்நான விஷயத்தில், முதுகு நனையாமல் ஏனைய அங்கங்களை அலம்பிக்கொள்ளத் தடையேதும் இல்லை. ஆகவே இல்லத்தாரிடம் வைத்திய சாஸ்திரத்தைக் காட்டித் தப்ப முயலாதீர்கள்.