பட்டாலையில் பனி

செட்டிநாட்டுக் கீழச்சிவல்பட்டியில் மார்கழிக்குப் பஞ்சமில்லை, பனிக்கட்டிக்குத்தான் பஞ்சம். அந்தக் குறையும் எங்கள் தெரு வீடொன்றில் தீர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்தவர், பெட்டி நிறையக் கொண்டுவந்த, குட்டிக் குட்டி வீடுகளாலான கிறிஸ்துமஸ் கிராமத்தைப் பட்டாலையில் கொலுப்படி கட்டி அடுக்கிவிட்டார். பஞ்சுதான் பனி.

பொம்மைதானே என்று சொல்லிவிடக் கூடாது, கோபம் வரும். அட்டை வீடுகள் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானில் செய்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவை: செலோபன் ஜன்னல், சுவரில் ஜிகினாத் தூள், முதுகில் பல்பு நுழைக்க ஓர் ஓட்டை. பீங்கான் வீடுகள், மினசோட்டாவின் டிபார்ட்மென்ட் 56 கம்பெனி 1976-இல் தொடங்கிய வரிசை. கூரையில் ஒரு சில்லு பெயர்ந்தால் போச்சு, விலை இறங்கிவிடும். அதனால் தினமும் மெல்லிய தூரிகையால் தூசி தட்டுகிறார்.

இத்தனையையும் தாங்கி நிற்பது பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் கொண்ட வீடு. முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகுகிறது. மாற்றும் செலவு யாருடையது என்று பங்காளிகள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அதுவரை சட்டி வைத்திருக்கிறது.

பார்க்க வந்த ஆச்சி ஒருவர் கேட்டார்: "ஏப்பா, எல்லா வீட்லயும் விளக்கு எரியுது, உள்ள ஒரு ஆளக் காணோமே?"

"சேகரிப்புன்னா அப்படித்தான் ஆச்சி."

"அப்ப நம்ம தெருவையும் யாரோ சேகரிச்சு வச்சிருக்காக. விளக்கு போடத்தான் மறந்துட்டாக."

கொலுப்படி போதவில்லையாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பழம்பொருள் கடையொன்றில், பழைய தேக்கு அலமாரி ஒன்று வாங்கி வந்திருக்கிறார். எந்த வீட்டை இடித்ததில் வந்தது என்று கடைக்காரர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.