கேள்வி ஞானியார்

சங்கீதத்துக்குக் குரு வேண்டுமென்று சாஸ்திரம் சொல்லுகிறது. குருவுக்குத் தக்ஷிணை வேண்டுமென்று அனுபவம் சொல்லுகிறது. இவ்விரண்டுக்கும் கட்டுப்படாமல், ஒரு கிராமபோன் பெட்டியையும் நாலைந்து இசைத்தட்டுகளையும் ஒரு புல்புல்தாராவையும் துணையாகக் கொண்டே வித்வத்தை அடைந்துவிடலாமென்று நம்பி வாழும் கேள்வி ஞானியார் எந்த ஊரிலும் உண்டென்றாலும், கோலார் தங்கவயலில், ஊரிகத்து லயன் வீடுகளில் அவர் வேர்விட்டுத் தழைத்ததைப்போல வேறெங்கும் தழைத்திருக்க மாட்டார்.

2001இல் மூடப்பட்ட சுரங்கம் அந்நாளில் மூன்று ஷிப்டுகளில் ஓடியதால், அந்த லயன்களில் யாராவது ஒருவர் உறங்காத நாழிகை என்பதே கிடையாது. ஆகவே ஞானியார் எப்போது சாதகம் செய்தாலும் அது ஒருவருடைய நித்திரைக்குப் பங்கம்.

“அண்ணே, ராத்திரி ஷிப்டு பாத்துட்டு வந்திருக்கேன், கொஞ்சம் நிறுத்துங்களேன்” என்று சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வரும்.

“இந்த ஒரு சங்கதி மட்டும் பிடிபடட்டும், தம்பி!” என்பார் இவர்.

டன் கணக்கில் கல்லை அரைத்துச் சில கிராம் பொன் எடுத்த ஊரில், ஒரு பகல் முழுதும் தட்டித் தடவி இரண்டு ஸ்வரங்களைக் கண்டெடுப்பதை விரயமென்று கண்டிக்க யாருக்கும் வாயெழவில்லை.

1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் வந்துவிட்ட தங்கவயல்தான் என்றாலும், ஞானியாரின் தட்டு என்னவோ கையால் சாவி கொடுத்தே சுழன்றது. வில் தளரத் தளர வேகம் குறையும். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுழலவேண்டிய தட்டு 74 சுற்றுக்கு இறங்கினாலே சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை சரிந்துவிடும். பாடுகிற மகானுபாவர் பல்லவியில் நின்ற ஷட்ஜம் சரணத்தில் இல்லாதிருப்பதைக் கண்ட ஞானியார், அதைப் பெட்டியின் குற்றமாகக் கருதாமல் வித்வானுடைய அபூர்வப் பிரயோகமாகவே கருதி, தாமும் சிரத்தையோடு படிப்படியாகச் சரிவார்.

அவருடைய புல்புல்தாராவோ 1912இல் ஜப்பானில் பிறந்து, தட்டச்சுப் பொறியைப் போலப் பித்தான்களைத் தாங்கி வந்த சாதனம். சினிமாப் பாட்டுக்கு அது போதும். ஆனால் ஞானியார் துணிந்தது டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியில்! தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று, அசைந்தசைந்து ஜீவிப்பது. பித்தானோ அமுக்கிய இடத்தில் ஆணியடித்தாற்போல் நிற்பது. நாகஸ்வரச் சக்கரவர்த்தி ஒரே மூச்சில் குழைத்ததை இவர் அடுத்தடுத்த இரண்டு பித்தான்களை மாறிமாறிப் படபடவென்று தட்டிச் சாதிக்க முயன்றபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி தந்தி வந்திருக்கிறதோ என்று பதறி வெளியே ஓடிவந்தாள்.

குருவில்லாமல் கற்கும் விஷயத்தில் அவரைத் தர்க்கத்தால் வெல்ல முடியாது. புல்லாங்குழல் மாலி, மாமா பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் காதால் கேட்டே குழலில் வர்ணம் வாசிக்கவில்லையா என்பார். வாஸ்தவந்தான். மாலிக்கு அப்போது வயது ஏழு நிரம்பவில்லை என்பதையும், இவருக்குப் பேரன் இருக்கிறான் என்பதையும் நினைவூட்டுவது மரியாதையாகாது. தட்டைக் கேட்டுப் பயில்வதில் மெய்யான லாபமும் உண்டு: எத்தனை முறை கேட்டாலும் அது அலுத்துக்கொள்வதில்லை, தொடையில் கிள்ளுவதில்லை. அலுத்துக்கொள்ளாத ஆசானிடம் பிழை திருந்துவதில்லை என்பதுதான் சங்கடம்.

கடைசியில் மாரியம்மன் திருவிழாவில் அவருக்கு மேடையும் கிடைத்தது. தோடியை எடுத்தார், பாதகமில்லாமலே போயிற்று. சுமார் மூன்று நிமிஷமானதும், தட்டின் முதற்பக்கம் முடிகிற இடத்தில், பாதி சஞ்சாரத்திலேயே கையை எடுத்துவிட்டார். தட்டைத் திருப்பி, ஊசி மாற்றி, சாவி கொடுக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கண்மூடி மௌனமாக வீற்றிருந்தார். கச்சேரி முடிந்ததென்றெண்ணிக் கைதட்டி எழுந்துபோனவர்கள் பக்கத்து ராபர்ட்சன்பேட்டைக்காரர்கள். ஊரிகத்து லயன்காரர்களோ, மறுபக்கம் இன்னும் பாக்கியிருப்பதை அறிந்தவர்களாதலால், சாவகாசமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.