வாத்து வேஷம், வீடியோ இல்லை

டுசல்டோர்ஃப்
நவம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமையிலிருந்து "வீடியோ எங்கேடா?" என்று ஏழு தடவை கேட்டுவிட்டாய். வீடியோ இல்லை. போட்டோவும் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். கூடவே மடித்து வைத்திருக்கும் தாளைக் கடைசியில் பிரி.

உன் பேரன் பள்ளி நாடகத்தில் வாத்தாக நடித்தான். முகத்தைச் சுளிக்காதே, கௌரவமான வேஷம்தான். ரைன் நதிப் பக்கம் நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாள். ரோமானியச் சிப்பாயான அவர், குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதி கொடுத்தவர். பிற்பாடு அவரை ஆயராக்கத் தேடி வந்தபோது, பதவி வேண்டாமென்று வாத்துகளுக்கு நடுவே ஒளிந்தாராம். வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்துவிட்டன. (பதவிக்குப் பயந்து ஒளிந்த கதையை நம் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், விடு.)

திரை விலகும் முன் தலைமை ஆசிரியை மேடைக்கு வந்தார். "எல்லோரும் போனைப் பைக்குள் வையுங்கள். படம் வெளியே போகக் கூடாத குழந்தைகள் சிலர் இங்கே இருக்கிறார்கள்." அவ்வளவுதான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடித்த புருஷனிடமிருந்து தப்பி, ஊர் மாறி, பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்த தாய் யாராவது அந்தக் கூட்டத்தில் இருக்கலாம். ஒரு போட்டோவின் பின்னால் தெரியும் பள்ளிப் பெயர்ப்பலகை போதுமே.

இதெல்லாம் புரிந்தும் உன் குரல் காதில் ஒலிக்க, மடியில் போனை மெல்ல எடுத்தேன். பக்கத்து நாற்காலிப் பாட்டியம்மா ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். ஓடுகிற தேருக்குக் கட்டை போட்ட மாதிரி ஒரு பார்வை. போன் உள்ளே போய்விட்டது.

இந்த நாட்டில் இது பழைய சங்கதி. 1898-ல் முன்னாள் சான்சலர் பிஸ்மார்க் செத்துப்போன ராத்திரியே இரண்டு போட்டோக்காரர்கள் அவர் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, மக்னீசிய வெளிச்சத்தில் சடலத்தைப் படம் பிடித்து விற்கப் பார்த்தார்கள். குடும்பம் கோர்ட்டுக்குப் போனது, அவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தக் களேபரத்தின் பலனாக 1907-ல் ஒரு சட்டம் வந்தது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் படத்தைப் பொதுவாகப் பரப்பக் கூடாது, பொதுவில் காட்டவும் கூடாது. இன்றைக்கும் அது அமலில் இருக்கிறது. போதாக்குறைக்கு 2018-ல் ஐரோப்பியத் தகவல் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. அந்த வருஷம் இங்கே பக்கத்தில் டோர்மாகன் என்ற ஊரில், ஒரு மழலையர் பள்ளி பிள்ளைகளுக்கு நினைவு ஆல்பம் கொடுத்தது. அவரவர் முகம் மட்டும் தெரியும், கூட விளையாடிய மற்றவர்கள் முகத்திலெல்லாம் கறுப்பு மை! அது கொஞ்சம் ஓவர்தான்.

ஆகஸ்டில் இவனைச் சேர்த்தபோது எங்களிடமும் படிவம் நீட்டினார்கள். வகுப்புப் படத்துக்குச் சம்மதமா, பள்ளி இணையதளத்துக்குச் சம்மதமா, உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சம்மதமா என்று தனித்தனிக் கட்டம். என் கல்யாணத்துக்குக்கூட நீ இத்தனை சம்மதம் கேட்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் பாரதியார் வேஷம் கட்டி, மீசை ஒருபக்கம் தொங்க நான் அழுத போட்டோ இன்னும் நம் ஹாலில் தொங்குகிறது. சம்பந்தி வீட்டாருக்கு நீ முதலில் காட்டியதே அதைத்தான். ஜெர்மனியாக இருந்தால் உன்மேல் கேஸ் போட்டிருப்பேன்.

கோபித்துக்கொள்ளாதே, அந்தச் சட்டத்தில் "பரப்புதல்" என்றால் என்ன என்று ஆபீஸ் நண்பர் விளக்கியபோது உன் முகம்தான் ஞாபகம் வந்தது. போன வருஷம் இதே திருநாளின் லாந்தர் ஊர்வலப் படம் அனுப்பினேனே, "உனக்கு மட்டும்" என்று? பத்து நிமிஷத்தில் உன் ஸ்டேட்டஸில் ஏறி, குடும்பக் குரூப், பஜனைக் குரூப் எல்லாம் சுற்றி, மறுநாள் பெரியப்பாவின் காலை வணக்கத்தோடு என்னிடமே திரும்பி வந்தது. அதில் யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ நான்கு பேர்.

சரி, நாடகம். வெள்ளைச் சட்டை, ஆரஞ்சுக் காலுறை, ரப்பர் பேண்டில் கட்டிய அட்டை மூக்கு. அது நழுவி நெற்றிக்கு ஏறி, விபூதிப் பட்டை போடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மார்ட்டினின் அங்கியை ஏற்கெனவே வெட்டி வெல்க்ரோவில் ஒட்டியிருந்தார்கள். வாள் பட்டதும் "பர்ர்ர்" என்று ஒரு சத்தம், பிச்சைக்காரப் பையனே சிரித்துவிட்டான். அடுத்து மார்ட்டின் வந்து ஒளிய வேண்டும், பிறகு வாத்துகள் கத்த வேண்டும். உன் பேரன் அவர் வருவதற்கு முன்பே கத்திவிட்டான். மற்ற வாத்துகளும் சேர்ந்துகொள்ள, மார்ட்டின் திருதிருவென்று விழித்துவிட்டு, காட்டிக்கொடுத்தபின் ஓடி வந்து ஒளிந்தார். அரங்கமே அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் பத்துப் பதினைந்து கைகள் சட்டைப் பைக்குப் போய், வெறுங்கையாகத் திரும்பின. என்னுடையதும்தான்.

இப்போது அந்தத் தாளைப் பிரி. உனக்காக அவனே வரைந்தது. மூக்கு நெற்றியில் இருப்பது அவன். மற்ற வாத்துகளுக்கு முகமே போடவில்லை. ஏன்டா என்றால், "அவங்ககிட்ட கேக்கலையேப்பா" என்கிறான்.

ஸ்டேட்டஸில் போட்டுக்கொள். அவனிடம் கேட்டுவிட்டேன், சரி என்றான். பெரியப்பாவுக்கு மட்டும் அனுப்பாதே.

உன் மகன்